முடிச்சுப் போடாத சிவப்பு நூல்

என் பிரிவுபசாரத் தேநீரன்று, தையலறைப் பிள்ளைகளே, உங்களில் ஒருத்தி என்னைப் போல நடித்துக் காட்டினாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரு பழைய சட்டையைத் தூக்கிப் பிடித்து, "இது ஆருட? படைச்சு முடிஞ்சுதா?" என்று என் குரலிலேயே கேட்டாள். அறை முழுக்கச் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். குரல் அப்படியே இருந்தது, கள்ளி! ஆனால் அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. காரணம் தெரியாத வழக்கத்தை நான் போன மறுநாளே மூட்டை கட்டி வைத்துவிடுவீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தைக்கச் சொல்லித்தரப் போவதில்லை, பயப்படாதீர்கள். உங்களுக்குத் தையல் நன்றாகவே வரும். யாருடைய தையல் கோணலாகப் போகிறது என்பதும் எனக்குத் தெரியும், அதை இங்கே சொல்லி மானத்தை வாங்க மாட்டேன்.

அது இரண்டாம் உலக யுத்த காலம். துணிக்குக் கூப்பன். மட்டக்களப்பு ஆசுபத்திரிக்கு வரவேண்டிய போர்வைகள் வரவில்லை, காய்ச்சல்காரர்கள் மட்டும் வாவியின் இரு கரையிலிருந்தும் தவறாமல் வந்துகொண்டிருந்தார்கள். ஊரில் பழந்துணி சேர்த்து, அவித்துக் காயவைத்து, துண்டு துண்டாக வெட்டி, ஒட்டுப்போர்வை தைப்பது என்று முடிவாயிற்று. ஆசுபத்திரிக்குப் பின்னால் வாவியைப் பார்த்த ஓர் அறையைத் தையலறை என்று தந்தார்கள். மெஷின் ஒன்றே ஒன்று. மீதி வேலையைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையால் தைத்துவந்து தருவார்கள். அவர்களில் எனக்கு வலக்கை போல இருந்தவ காத்தான்குடி ஆசியா உம்மா. தறியில் மிஞ்சும் துண்டுகளையும் அவதான் சேர்த்துக்கொண்டு வருவா.

துணியைவிட நூலுக்குத்தான் பெரிய தட்டுப்பாடு. அரிசிச் சாக்கின் வாயைப் பிரித்தால் நீளமாக ஒரு முரட்டு நூல் வரும். அதைத்தான் மெழுகு தடவிப் பாவித்தோம். பழந்துணியிலிருந்து உருவிய நூலைக்கூட எறிய மாட்டோம். இரண்டு விரலில் எட்டுப் போலச் சுற்றி, நடுவில் ஒரு இறுக்கு இறுக்கி வைத்துக்கொள்வோம். ஊசி பிடித்த பெண்கள் எல்லாரும் அந்த நாட்களில் அப்படித்தான் சுற்றினார்கள்.

தொடக்கத்தில் ஒரு கூத்து நடந்தது. ஆண் நோயாளிகள் வாட்டில் படுத்திருந்த ஒருவர் பக்கத்துக் கட்டிலுக்காரரின் போர்வையில் தன் இடுப்புச் சாறனின் துண்டைக் கண்டு, "இது என்ட சாறன்! கொடியில காயப்போட்ட சாறன்!" என்று பாய்ந்தார். மற்றவர் அவருடைய அயல்வீட்டுக்காரர். போர்வையைத் தந்தது ஆசுபத்திரி, அந்த மனுசன் பாவம் என்ன செய்வார்? இரண்டு பேரும் காய்ச்சலோடு கட்டிப் புரண்டார்கள். அதற்குப் பிறகு, தாதிமாருக்குத் தலைவியான மேற்றன் ஒரு சட்டம் போட்டா. துணி யாருடையது என்று கேட்கக் கூடாது, யாரும் அடையாளம் காணாதபடி சின்னதாக வெட்ட வேண்டும். கேட்டால் தருகிறவர்கள் கூசுவார்கள் என்றும் சொன்னா. நியாயமான சட்டம்தான், நானும் தலையாட்டினேன். நடந்ததெல்லாம் அந்தச் சட்டத்தால் வந்தது.

மாரி தொடங்கிய நேரம். பழுகாமத்திலிருந்து தோணியில் வந்த ஒரு மனுசன் அறை வாசலில் நின்றார். வயல் வேலை செய்கிறவர் என்று காலைப் பார்த்தாலே தெரிந்தது. கையில் ஒரு சிறிய மூட்டை.

"புள்ள, பழந்துணி எடுக்கிற இடம் இதுதானே?"

"ஓம், தாங்க."

"சின்னச் சின்னதா வெட்டுவீங்களாம், மெய்யா?"

"ஓம். ஏன் கேக்கிறீங்க?"

"வெட்டினாத்தான் நல்லம்" என்றார். மூட்டையை மேசையில் வைத்துவிட்டுக் கிறுகிப் பார்க்காமல் போனார்.

உள்ளே இரண்டு சட்டையும் ஒரு பச்சைப் பாவாடையும் இருந்தன. பழசென்று சொல்ல முடியாத துணி. தலைக்கு வைக்கும் எண்ணெய் வாசம் இன்னும் இருந்தது. பாவாடையின் கீழ்க்கரையை மடித்து யாரோ சிவப்புப் பட்டு நூலால் தைத்துக்கொண்டு வந்து, பாதியில் விட்டிருந்தார்கள். நூல் முனை முடிச்சில்லாமல் தொங்கியது. வலக்கையால் தைத்தால் தையல் ஒரு பக்கம் சாயும், இடக்கையால் தைத்தால் மறுபக்கம். இது இடக்கைக்காரி ஒருத்தியின் வேலை. அரிசிமணி போலச் சின்னச் சின்னத் தையல்.

"கெட்டிக்காரி, ஆனா சோம்பேறி. பாதியில போட்டுட்டு எங்கயோ ஓடியிருக்காள்" என்று நான் சொன்னேன். ஆசியா உம்மா சிரித்தா.

சட்டைகளை ஆசியா உம்மா தன் கூடைக்குள் போட்டுக்கொண்டா. பாவாடையை நான் எடுத்தேன். உடம்புப் பகுதியைச் சதுரமாக வெட்டி ஒரு போர்வைக்கு நடுவில் வைத்தேன். கீழ்க்கரை நல்ல நீளமாக இருந்ததால் அதைக் கழற்றிப் போர்வையின் தலைமாட்டு ஓரமாகப் பொருத்தினேன். அவள் விட்ட பாதியைச் சாக்கு நூலால் விரலளவு நீளத் தையல் போட்டுப் பிடித்துவிட்டேன். அழகு பார்க்க அப்போது யாருக்கு நேரம்?

அந்தப் போர்வை பெண்கள் வாட்டில் செல்லம் என்ற சிறுமிக்குப் போயிற்று. பத்து வயது இருக்கும். களுதாவளைப் பக்கம். தாய் இல்லை, தகப்பன் கடலுக்குப் போகிறவர், பக்கத்தில் இருக்க ஒரு ஆளில்லை. காய்ச்சல் விட்டுவிட்டு வந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது. சாக்கு நூல் கன்னத்தில் உரஞ்சுகிறது என்று போர்வை கிடைத்த அன்றே அவள் முறையிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்த ஈரம். செல்லத்தின் கட்டிலடியில் காலையில் தண்ணீர் நிற்கிறது என்று வாட்டுப் பணிப்பெண் வந்து சொன்னா. கூரை ஒழுக்கு என்று நினைத்துக் கட்டிலை நகர்த்தினோம். புது இடத்திலும் ஈரம். போர்வையின் கால்மாடு நனைந்திருந்தது, தலைமாடு காய்ந்திருந்தது. வாட்டில் வேறெந்தக் கட்டிலும் நனையவில்லை. பேய் பிசாசுக் கதைகளுக்குச் சிரிக்கிற ஆள் நான், அன்றும் சிரித்தேன். ஆனால் தனியாக இருந்தபோது அந்த ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். மழைத்தண்ணீருக்கு உப்பிருக்காது. இது கரித்தது. கடலோடு சேர்கிற வாவியின் தண்ணீர்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பணிப்பெண்கள் வாட்டைவிட்டே ஓடிவிடுவார்கள். ஆனால் அதன் பிறகு அந்தக் கட்டிலைக் கடந்து போகும்போது என் கால் தானாக வேகமெடுத்தது.

வெளியே மழை கொட்டிய ஒரு பகலில் அந்தப் பெண் வந்தா. தலையிலிருந்து தண்ணீர் வடிய, நேரே என் மேசையடிக்கு வந்து நின்றா. அவவுக்குப் பின்னால், விறாந்தையில், மூட்டை கொண்டுவந்த அதே மனுசன் தலையைக் குனிந்தபடி குந்தியிருந்தார். எனக்கு விசயம் பாதி விளங்கிவிட்டது.

"என்ட மகள்ட உடுப்பத் தாங்க, தங்கச்சி."

வள்ளிப்பிள்ளை என்று பேர் சொன்னா. மகள் பூரணம், கல்யாண வயதுக் குமர்ப்பிள்ளை, தோணி கவிழ்ந்து வாவியில் போய்விட்டாள். அடக்கம் முடிந்த பிறகு தாய் அந்த உடுப்புகளை முகத்தில் பொத்திக்கொண்டு சோறு தண்ணியில்லாமல் கிடந்திருக்கிறா. இவளையும் இழந்துவிடுவேனோ என்று பயந்த தகப்பன் ஒருவருக்கும் சொல்லாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழுகாமம் பக்கத்துக் குடும்பங்களில் செத்தவருடைய உடுப்பு முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடியும் வரை வீட்டுப் படியைத் தாண்டாது. அன்று அவருக்கு விருப்பமான சாப்பாட்டோடு உடுப்பையும் வைத்துப் படைப்பார்கள். அதற்குப் பிறகுதான் அது யாருக்கும் போகலாம். பூரணத்தின் முப்பத்தொன்று இன்னும் வரவில்லை.

"பொழுதுபட்டு மைம்மலாகினா வேலிக்கு வெளிய வந்து நிக்கிறாள், தங்கச்சி" என்றா வள்ளிப்பிள்ளை. குரலில் அழுகை இல்லை, அதுதான் என்னைக் குளிர வைத்தது. "உடம்பெல்லாம் தண்ணி. அம்மா, மாத்துறத்துக்கு உடுப்புத் தாங்க எண்டு கேக்காள். உள்ளுக்க வாடி எண்டா, ஈரத்தோட எப்பிடி வாற எண்டு கேக்காள். நான் பெட்டியத் திறந்தா ஒண்டுமில்ல. என்னத்தக் குடுக்கிற? படையலுக்கு என்னத்த வைக்கிற? என்ட புள்ள காலத்துக்கும் ஈரத்தோடயா நிக்கிற?"

ஆசியா உம்மா கூடையை அப்படியே கவிழ்த்துத் துழாவி, சட்டைகளின் துண்டுகள் அத்தனையையும் எடுத்துக் கொடுத்தா. "மௌத்தான புள்ளட உடுப்பெண்டு தெரிஞ்சிருந்தா நான் ஊசி குத்தியிருப்பனா, தங்கச்சி?" என்று வள்ளிப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டா.

"பாவாடை?" என்று வள்ளிப்பிள்ளை கேட்டா.

பாவாடை செல்லத்தின் மேல் கிடந்தது. அன்று காலைதான் டொக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார், இன்று காய்ச்சல் விட்டால் பிள்ளை தப்பும், குளிர் மட்டும் பிடிக்கக் கூடாது என்று. மாற்றிப் போர்த்த வேறு போர்வை இல்லை. நான் மேற்றனிடம் ஓடினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "தையலறை உங்கட பொறுப்பு. நீங்க என்ன சொன்னாலும் நான் மறுக்க மாட்டன்" என்றா. இப்படிச் சொல்கிற மேலதிகாரிகள் உங்களுக்கும் வாய்ப்பார்கள். அது மரியாதையா தண்டனையா என்று அந்த நேரத்தில் தெரியாது.

திரும்பி வந்தபோது அறையில் வள்ளிப்பிள்ளையும் இல்லை, மேசையில் என் கத்தரிக்கோலும் இல்லை.

வாட்டுக்கு ஓடினேன். யாரும் வழி சொல்லாமலே அவ செல்லத்தின் கட்டிலடிக்குப் போயிருந்தா. கத்தரிக்கோலை விரித்துப் போர்வையின் ஓரத்தைக் கையில் பிடித்திருந்தா. நான் மணிக்கட்டைப் பிடித்தேன்.

ஒரு பக்கம் உயிரோடு இருக்கிற பிள்ளை, மறுபக்கம் செத்த பிள்ளைக்கு உடுப்புக் கேட்கிற தாய். யாருக்கு இல்லை என்று சொல்வது? நோயாளிதான் முக்கியம் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நீங்கள் சுலபமாகச் சொல்வீர்கள். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள். எனக்கு வாயில் வந்தது இதுதான்:

"அக்கா, வெட்டின துணிய இன்னொருக்கா வெட்டோணுமா? ஊசியால பிரிப்பம். கரைய மட்டும் முதல்ல எடுங்க. புள்ள ஒழும்பாது, குளிரும் பிடியாது. மிச்சத்தக் காய்ச்சல் விட்டதும் நானே பிரிச்சுத் தாறன்."

அவ என்னைப் பார்த்தா. பிறகு விரல்களை விட்டா. கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு, சட்டையில் குத்தியிருந்த ஊசியை அவவின் கையில் கொடுத்தேன். இத்தனை வருச உத்தியோகத்தில் நான் எடுத்த முடிவுகளில், சரியா பிழையா என்று இன்னும் தெரியாதது அது ஒன்றுதான்.

"சாக்கு நூல் தையல்தான் என்ட. அதப் பிரிச்சாக் கழண்டிடும்" என்றேன்.

அவ குனிந்து ஓரத்தைத் தடவினா. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தடவினா. "சாக்கு நூல் எங்க?" என்றா.

நானும் குனிந்தேன். சாக்கு நூல் இல்லை. நான் விரலளவு தையல் போட்ட இடத்தில், சிவப்புப் பட்டு நூலில், அரிசிமணி போலச் சின்னத் தையல் கடைசி வரைக்கும் ஓடியிருந்தது. எல்லாம் இடக்கைச் சாய்வு. முன்பாதி எங்கே முடிந்தது, பின்பாதி எங்கே தொடங்கியது என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆசுபத்திரியில் பட்டு நூல் ஏது? ஆசுபத்திரி ஊசிகள் எல்லாம் இரவில் என் அலமாரியில், சாவி என் இடுப்பில். இடக்கையால் தைக்கிற ஒருத்தி எங்கள் கூட்டத்தில் இல்லவே இல்லை.

"இது என்ட கூறைச்சேலைக் கரையில உருவின நூல்" என்றா வள்ளிப்பிள்ளை. "நான்தான் உருவிக் குடுத்தனான். பாதியில முடிஞ்சுது. இன்னும் கொஞ்சம் உருவித் தாறன், போய்த்து வா எண்டு சொன்னன். அண்டைக்குத்தான் தோணியில போனவள்."

செல்லம் கண் விழித்தாள். காய்ச்சல் கண், ஆனால் தெளிவாகப் பார்த்தாள். வள்ளிப்பிள்ளையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அக்காட அம்மாவா?" என்று கேட்டாள்.

பிறகு செல்லம் போர்வையின் கரையைத் தடவிக் காட்டினாள்.

"சாக்கு நூல் முகத்தில குத்துது எண்டு நான் அழுதன். அக்கா அத உருவிட்டு வடிவாத் தச்சுத் தந்தவ. அக்காட கையெல்லாம் குளிர்." தலையணைக்கு அடியில் கையை விட்டு எதையோ எடுத்து நீட்டினாள். "இத எறியாத, வேணும் எண்டு சுத்தி வச்சவ."

என் சாக்கு நூல். இரண்டு விரலில் எட்டுப் போலச் சுற்றி, நடுவில் ஒரு இறுக்கு இறுக்கி.

வள்ளிப்பிள்ளை அதை வாங்கினா. "உடுப்புக் கேட்டாளா, மகள்?" என்று மெல்லக் கேட்டா. "திருப்பித் தரச்சொல்லிக் கேட்டாளா?"

"இல்ல. எனக்குக் குளிருது எண்டு சொன்னன். நீயே வச்சிரு எண்டவ."

அப்போதுதான் அந்தத் தாய் அழுதா. சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பிறகு அவ கண்ணைத் துடைத்துக்கொண்டு, தையல் முடியும் இடத்தைத் தேடிப் பிடித்தா. நூல் முனை முடிச்சில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாருங்க தங்கச்சி, பாருங்க இவள!" அது ஏச்சு, வீட்டில் தினமும் ஏசுகிற அதே ஏச்சு. "எத்தின தரம் சொல்லியிருப்பன், முடிச்சுப் போடடி, முடிச்சுப் போடாட்டி எல்லாம் கழண்டு போயிடும் எண்டு. ஒரு நாளாவது கேட்டாளா?"

நான் கொடுத்த ஊசியில் அந்த முனையைக் கோத்தா. துணியில் ஒரு குத்து, வளையத்துக்குள் ஒரு இழுப்பு. முடிச்சைப் போட்டு, மிச்ச நூலைப் பல்லால் கடித்தா. போர்வையைச் செல்லத்தின் கழுத்து வரை இழுத்து மூடிவிட்டா.

அன்று மாலை செல்லத்துக்கு வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டது. கொயினா மருந்துதான் காரணம் என்றார் டொக்டர். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அடுத்த காலை கட்டிலடி காய்ந்திருந்தது, பிறகு ஒரு நாளும் நனையவில்லை. செல்லம் வீட்டுக்குப் போனபோது போர்வையையும் கொடுத்தனுப்பினோம். ஆசுபத்திரிப் பொருளை வெளியே விடாத மேற்றன் அன்று யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தா. வள்ளிப்பிள்ளை சட்டைத் துண்டுகளையும் அந்த நூல் சுருளையும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனா, படையலுக்கு வைக்க.

யார் தைத்தது என்று நான் தேடாமல் இல்லை. பணிப்பெண்களை விசாரித்தேன், ஆசியா உம்மாவைச் சத்தியம் பண்ணக்கூடச் சொன்னேன், அவ என்னோடு கோபித்துக்கொண்டா. ஒன்றும் கிடைக்கவில்லை. இத்தனை வருசம் போன பிறகும் கிடைக்கவில்லை. நீங்கள் புத்திசாலிகள், ஒரு காரணம் சொல்வீர்கள். சொல்லுங்கள், கேட்கிறேன்.

அன்றிலிருந்து எங்கள் அறையில் மேற்றனின் சட்டம் போய் என் கேள்வி வந்தது. யாருடைய துணி? அவர் இருக்கிறாரா? இல்லையென்றால், படைத்து முடிந்ததா? தருகிறவர்கள் கூசுவார்கள் என்று நாங்கள் நினைத்தது பிழை. கேட்டவுடன் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து பேசத் தொடங்குவார்கள். கேட்க ஒரு ஆள் இல்லாமல்தான் அந்தத் தகப்பன் கிறுகிப் பார்க்காமல் போனார். நீங்கள் கேளுங்கள். கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

அறுவடை முடிந்த காலத்தில் ஒரு நாள் தோணித்துறையில் வள்ளிப்பிள்ளையைக் கண்டேன். உடம்பு தேறியிருந்தா. என்னைக் கண்டதும் சிரித்து, கையைப் பிடித்துக்கொண்டா. படையல் நல்லபடி முடிந்ததா என்று கேட்டேன்.

"ஓம், முடிஞ்சுது." முகத்தை வாவிப் பக்கம் திருப்பினா. "அதுக்குப் பிறகு அவள் வாறாளில்ல, தங்கச்சி."

"நல்லதுதானே, அக்கா. பிள்ளை நிம்மதியாப் போயிருப்பாள்."

"ஓம், எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறாங்க." என் கையை விடாமலே சொன்னா. "மைம்மலுக்கு வேலியடியில போய் நிண்டு பாக்கிறன். வாறாளில்ல. முடிச்சப் போட்டது நான்தானே."